எடை குறைக்கும் நாட்களில் ஏறி இறங்கும் எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று முதல் ஐந்து கிலோ வரை மட்டும் குறைத்தால் போதும் என்று தொடங்கியவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, நடைப்பயிற்சியையும் தவறவிடாமல் செய்தவர்கள், ஒரு நாள் காலையில் எடைக்கருவியில் ஏறி நின்று எண் கூடியிருப்பதைக் கண்டதும் மனம் உடைந்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். அப்படிக் கைவிடப்பட்ட பல முயற்சிகள் அந்த நேரத்தில் பலன் தந்துகொண்டிருந்தவை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அந்த எண் எதனால் ஏறுகிறது என்பதை முதலில் விளக்கிவிட்டு, அதைப் பார்த்துத் தளராமல் இருக்கும் வழிகளுக்கு வருகிறேன்.

நேற்றிரவு ஒரு திருமண வரவேற்பில் சாப்பிட்டேன். காலையில் ஒரு கிலோ கூடியிருக்கிறது. ஒரே இரவில் அவ்வளவு கொழுப்பு சேருமா?

சேராது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. அன்றைய தினம் உடல் செலவிட்டது போக, அதற்கு மேல் இவ்வளவையும் சாப்பிட்டிருந்தால்தான் ஒரு கிலோ கொழுப்பு கூட முடியும். விருந்து எவ்வளவு தாராளமாக இருந்தாலும் ஒரு வேளையில் அந்த அளவை எட்டுவது மிக அரிது.

கூடியிருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். விருந்துச் சாப்பாட்டில் அப்பளம், ஊறுகாய், குழம்பு, பொரித்த கறி என்று எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே பந்தியில் அந்த அளவைத் தாண்டிவிடுவது எளிது. உப்பின் வழியாகக் கூடுதலாகச் சேர்ந்த சோடியம் சிறுநீரில் வெளியேறும் வரை உடல் அதற்கேற்ற தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் மாவுச்சத்து. சோறு, பரோட்டா, இனிப்பு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் ஒரு பகுதியைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரலும் தசைகளும் சேமித்துவைக்கின்றன. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் என்பது ஒரு பொதுக் கணக்கு. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்கும். சில நாட்களாகக் குறைவாகச் சாப்பிட்டதால் பாதி காலியாக இருந்த இந்தச் சேமிப்பு ஒரு விருந்தில் நிரம்பினால், 250 கிராம் கிளைக்கோஜனும் 750 கிராம் தண்ணீருமாக ஒரு கிலோ கூடிவிடும். அதில் ஒரு துளி கொழுப்பும் இல்லை. இவை தவிர, இரவு பத்து மணிக்குச் சாப்பிட்ட உணவு காலை ஆறு மணிக்கும் குடலில்தான் இருக்கிறது. அது முழுவதுமாக வெளியேற ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும்.

மறுநாள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வழக்கமான உணவுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாட்களில் எண் தானாக இறங்கிவிடும்.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தது. அதன் பிறகு ஏன் அந்த வேகம் இல்லை?

மேலே சொன்ன அதே கணக்குதான் இங்கே எதிர்த்திசையில் நடக்கிறது. சோற்றையும் இனிப்பையும் குறைத்தவுடன் கிளைக்கோஜன் கரைகிறது, அதோடு இருந்த தண்ணீரும் போகிறது. முதல் வார இறக்கத்தைக் கண்டு மகிழலாம். ஆனால் அடுத்தடுத்த வாரங்களை அதோடு ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். கொழுப்பு கரையும் வேகம் இரண்டாம் வாரத்திலிருந்துதான் தெரியத் தொடங்குகிறது. நான்கைந்து கிலோ மட்டும் குறைக்க வேண்டியவருக்கு வாரம் 200 முதல் 400 கிராம் வரை குறைவது நல்ல வேகம் என்றே சொல்வேன்.

கொஞ்சம் எடை மட்டும் குறைப்பவர்களை இந்த ஏற்ற இறக்கம் அதிகமாகப் பாதிப்பது ஏன்?

நூற்றுப்பத்து கிலோ எடையுள்ள ஒருவர் மருத்துவர் சொற்படி உணவை மாற்றினால் வாரத்துக்கு ஒரு கிலோவோ அதற்கு மேலோ குறையக்கூடும். அவருக்கும் தண்ணீரால் எண் ஏறி இறங்கும். ஆனால் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் உண்மையான குறைவு அந்த ஏற்றத்தைத் தாண்டிவிடும். 68 கிலோவிலிருந்து 64 கிலோவுக்கு வர நினைப்பவரின் நிலை வேறு. அவரிடம் குறைப்பதற்கு அதிகம் இல்லை. அவருடைய அன்றாட ஆற்றல் தேவையும் குறைவு. ஆகவே உடலை வருத்தாமல் அவர் குறைக்கக்கூடிய கலோரியும் சிறிய அளவே. வாரத்துக்குக் கால் கிலோ குறையும் அவருக்கு ஒரே நாளில் ஒன்றரை கிலோ ஏறி இறங்கினால், ஆறு வாரத்து உழைப்பு ஒரு நாள் தண்ணீருக்குப் பின்னால் மறைந்துபோகிறது.

எனவே, சிறிய இலக்கு உள்ளவர் தனி ஒரு நாளின் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எண் கூடினால் வருந்துவது மட்டுமல்ல, குறைந்தால் அளவுக்கு மீறி மகிழ்வதும் இதில் அடங்கும். திடீரென 700 கிராம் குறைந்ததைக் கொண்டாடியவர், இரண்டு நாளில் அது திரும்பி வரும்போது எதையோ இழந்ததைப் போல் வருந்துவார்.

அப்படியானால் தினமும் எடை பார்க்கலாமா, வாரம் ஒரு முறை போதுமா?

மனம் கலங்காமல் பார்க்க முடிந்தால் தினமும் பாருங்கள். ஆனால் வாரச் சராசரியை மட்டும் பொருட்படுத்துங்கள். ஏழு நாட்களின் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் போதும். ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம்.

ஒருவருடைய முதல் வாரத்து எண்கள், திங்கள் தொடங்கி ஞாயிறு வரை, 68.4, 68.9, 68.1, 68.6, 67.9, 68.0, 69.1 என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு வெளியே சாப்பிட்டதால் ஞாயிறு காலையில் 69.1. அடுத்த வாரம் 68.8, 68.3, 68.0, 67.8, 68.5, 67.7, 68.2. திங்கட்கிழமைகளில் மட்டும் எடை பார்த்திருந்தால் 68.4 என்பது 68.8 ஆகிவிட்டது, அதாவது 400 கிராம் கூடிவிட்டது என்று அவர் நினைப்பார். சராசரியைப் பார்த்தாலோ முதல் வாரம் 68.43, இரண்டாம் வாரம் 68.19, சுமார் 240 கிராம் குறைந்திருக்கிறது. இத்தனைக்கும் இரண்டாம் வாரத்தின் ஐந்தாம் நாள் எண்ணாகிய 68.5, அதற்கு முந்தைய நாளைவிட 700 கிராம் அதிகம். அன்று காலை அவர் மனம் தளர்ந்திருந்தால், இறங்கிக்கொண்டிருந்த வாரத்தின் நடுவில் முயற்சியைக் கைவிட்டிருப்பார்.

அந்த 240 கிராமுக்குப் பின்னால் இருக்கும் ஆற்றல், நாளொன்றுக்கு ஏறத்தாழ 260 கலோரி. மாலையில் தின்னும் இரண்டு வடையையும் காபியில் போடும் சர்க்கரையையும் விட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். செய்கின்ற மாற்றம் சிறியதாக இருக்கும்போது கிடைக்கின்ற எண்ணும் சிறியதாகத்தான் இருக்கும் என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

குறைத்த எடையை நெடுங்காலம் காத்துவருபவர்களின் விவரங்களைச் சேகரிப்பதற்காக அமெரிக்காவில் 1994-இல் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு தொடங்கப்பட்டது. அதில் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள். எடையே பார்க்காமல் இருப்பதைவிட, அதை நிதானமாகப் பார்க்கப் பழகுவது நல்லது என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் எடை பார்த்தாலே அன்றைய நாள் கெட்டுவிடுகிறது என்பவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் எடைக்கருவியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு இடுப்பளவை மட்டும் பார்த்துவரலாம்.

எடை பார்க்கச் சரியான முறை எது?

காலையில் கழிவறைக்குப் போய்வந்த பின், காபியோ தண்ணீரோ குடிப்பதற்கு முன், ஒரே மாதிரியான இலகுவான உடையில் பாருங்கள். கருவியை மிதியடி மீதோ பாய் மீதோ வைக்காமல், சமமான தரையில் ஒரே இடத்தில் வையுங்கள். கடையிலும் மருந்தகத்திலும் வீட்டிலும் மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். இரண்டு கருவிகள் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயமில்லை.

கொழுப்புச் சதவீதமும் காட்டும் கருவி வைத்திருக்கிறேன். அதை நம்பலாமா?

அன்றாட மாற்றத்துக்கு நம்ப வேண்டாம். உடலில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அது எதிர்கொள்ளும் தடையைக் கொண்டு அந்த எண் கணக்கிடப்படுகிறது. உடலில் நீர் கூடினாலும் குறைந்தாலும் அது மாறிவிடும்.

மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொரு முறையும் எடை ஏறுகிறது. என்ன செய்வது?

பல பெண்களுக்கு அந்த நாட்களில் ஹார்மோன் மாற்றங்களால் உடலில் நீர் தங்குகிறது; வயிறு உப்புசமாகவும் மார்பு கனமாகவும் இருக்கும்; மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளலாம். ஒரு கிலோ, சிலருக்கு அதற்கும் மேல், ஏறுவது வழக்கத்துக்கு மாறானதல்ல. மாதவிடாய் தொடங்கிச் சில நாட்களில் அது இறங்கிவிடும்.

இங்கே வாரச் சராசரியும் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். நீர் தங்கும் வாரத்தை அதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டால், எடை கூடியதாகவே தெரியும். சுழற்சியின் ஒரே கட்டத்தை மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதே சரியான முறை. மாதவிடாய் முடிந்த வாரத்தின் சராசரியை, சென்ற முறை மாதவிடாய் முடிந்த வாரத்தின் சராசரியோடு வைத்துப் பாருங்கள். நாட்குறிப்பில் எடைக்குப் பக்கத்தில் சுழற்சியின் நாளையும் குறித்துவைத்தால், இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் உடலின் ஒழுங்கு உங்களுக்கே விளங்கிவிடும். எடை குறைப்பைப் பற்றிய பொதுவான அறிவுரைகளில் இந்தச் செய்தி ஓரமாக ஒதுக்கப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. மாதத்தில் ஒரு வாரம் தவறாமல் தோற்றுப்போனதாக நினைக்கும் பெண்களுக்கு, அது தோல்வியே அல்ல என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

உடற்பயிற்சி தொடங்கிய பிறகு எடை கூடிவிட்டது. தசை வளர்ந்துவிட்டதா?

ஒரு வாரத்தில் ஒரு கிலோ தசை வளர்வதில்லை. பழக்கமில்லாத பயிற்சியால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்யும்போது அங்கே வீக்கமும் நீரும் சேர்கின்றன. மாடிப்படி இறங்கும்போது தொடை வலிக்கும் அந்த நாட்களில் எண் ஏறியிருந்தால் காரணம் இதுவே. பயிற்சி பெற்ற தசைகள் கிளைக்கோஜனையும் கூடுதலாகச் சேமிக்கும். இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்திருங்கள். தசை வலிமைக்காகக் கிரியேட்டின் என்ற துணை உணவுப் பொடியை எடுத்துக்கொள்பவர்களுக்கும் தசைகளில் நீர் சேர்வதால் எடை சற்றுக் கூடும்.

ஏகாதசி விரதம் இருந்த மறுநாள் நன்றாகக் குறைகிறது. இதையே அடிக்கடி செய்யலாமா?

குடல் காலியானதும் தண்ணீர் குறைந்ததுமே அந்த இறக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம். மீண்டும் சாப்பிட்டதும் அது திரும்பி வரும். விரதத்தை அதற்குரிய காரணத்துக்காக இருங்கள். எண்ணை இறக்குவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், பேதி மருந்து சாப்பிடுவதும் உடலைக் கெடுக்கும். கொழுப்பு சிறிதும் குறையாது.

ஒரு நாள் எண் கூடினால், இனி என்ன கட்டுப்பாடு வேண்டிக்கிடக்கிறது என்று அன்று முழுவதும் அதிகமாகச் சாப்பிட்டுவிடுகிறேன். இதை எப்படி நிறுத்துவது?

இது உங்கள் மனவலிமையின் குறை அல்ல. 1998-இல் வெளியான ஒரு கனடா நாட்டு ஆய்வில், ஜேனட் பொலிவி, பீட்டர் ஹெர்மன் உள்ளிட்ட உளவியலாளர்கள் எடைக்கருவியை வேண்டுமென்றே மாற்றியமைத்துச் சிலருக்கு உண்மையைவிட 5 பவுண்டு, அதாவது சுமார் 2.3 கிலோ, அதிகமாகக் காட்டினார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் அந்தப் பொய்யான எண்ணைக் கண்டவர்கள் மனம் சோர்ந்தார்கள், தம்மைக் குறைவாக மதித்தார்கள், அதன் பின் சுவைத்துப் பார்க்கக் கொடுத்த தின்பண்டத்தை மற்றவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். உடலில் எதுவும் மாறவில்லை. எண் மட்டுமே மாறியிருந்தது. விருந்துக்கு மறுநாள் உங்கள் கருவி காட்டும் கூடுதல் எடையும் கிட்டத்தட்ட இதே அளவில் இருக்கலாம். தண்ணீரால் ஏறிய எண்ணைக் கண்டு அதிகமாகச் சாப்பிட்டால், இல்லாத கொழுப்பு உண்மையாகவே சேரத் தொடங்கும். இந்தச் சங்கிலி ஓடும் விதம் தெரிந்திருப்பதே அதை அறுப்பதற்குப் பெரிய உதவி.

நடைமுறையில் இரண்டு வழிகளைச் சொல்வேன். முதலாவது, எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அன்றைய சாப்பாட்டை முடிவு செய்துவிடுவது. காலைக்கு மூன்று இட்லி சாம்பார், மதியத்துக்கு ஒரு கிண்ணம் சோறும் இரண்டு காயும், இரவுக்கு இரண்டு சப்பாத்தி என்று முந்தைய இரவே எழுதிவைத்துவிட்டால், கருவி 67.8 காட்டினாலும் 69 காட்டினாலும் அந்தப் பட்டியல் மாறாது. எண் ஒரு பதிவாக மட்டும் இருக்கும். அன்றைய நாளை ஆட்சி செய்யாது.

இரண்டாவது, எடைக்குப் பக்கத்திலேயே உங்கள் கையில் இருக்கும் செயல்களையும் குறித்துவருவது. நடந்தேனா, காய்கறி போதுமான அளவு சாப்பிட்டேனா, இரவு நேரத்தோடு தூங்கினேனா என்ற மூன்று கட்டங்கள் போதும். எடை நாளைக்கு என்ன ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. நடப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஊக்கத்தை எண்ணோடு கட்டிவைத்தால் அது எண்ணோடு சேர்ந்தே ஏறி இறங்கும். செய்த செயலோடு கட்டிவைத்தால், எண் ஏறிய நாளிலும் உங்களுக்கு நிறைவு தர ஏதாவது இருக்கும்.

நானும் கணவரும் ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறோம். அவருக்கு வேகமாகக் குறைகிறது, எனக்கு இல்லை.

உயரமும் தசையும் அதிகமுள்ள உடலுக்கு ஆற்றல் தேவையும் அதிகம். ஒரே அளவு சாப்பாடு அவருக்குப் பெரிய குறைப்பாகவும் உங்களுக்குச் சிறிய குறைப்பாகவும் அமைந்துவிடுகிறது. இந்த ஒப்பீட்டை இருவரும் விட்டுவிடுவதே நல்லது.

ஒரு மாதமாகச் சராசரியும் அசையவில்லை. இப்போதாவது கவலைப்படலாமா?

கவலைப்பட வேண்டாம், ஆனால் ஆராய்ந்து பார்க்க வேண்டிய நேரம் இது. நான்கு வாரச் சராசரி ஒரே இடத்தில் நின்றால், உள்ளே போவதும் செலவாவதும் சமமாகிவிட்டன என்று பொருள். எடை குறைந்த உடலுக்குத் தேவையும் சற்றுக் குறைகிறது. தொடக்கத்தில் இருந்த கவனம் கொஞ்சம் தளர்ந்திருக்கவும் கூடும்.

முதலில் எண்ணெயைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. தோசைக்குச் சுற்றிலும் விடுவதையும், பொரியலுக்குத் தாளிப்பதையும், பொடியில் குழைப்பதையும் கண்ணளவில் ஊற்றாமல் ஒரு வாரம் கரண்டியால் அளந்து பாருங்கள். அடுத்து வார இறுதியைப் பாருங்கள். எடை வார இறுதியில் ஏறி வாரநாட்களில் இறங்குவதைப் பின்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. வெள்ளி வரை சேர்த்த குறைவைச் சனியும் ஞாயிறும் ஈடுகட்டிவிடுகின்றனவா என்பதை உங்கள் எண்களே சொல்லிவிடும்.

எடை அதிகம் குறையாவிட்டால் இவ்வளவு முயற்சிக்கும் பயன் உண்டா?

உறுதியாக உண்டு. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்கு நம் அருகிலேயே உள்ள சான்று. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதமாக இருந்தது. அவர்களுடைய சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை. எடைக்கருவி எதையும் காட்டாதபோதும் உடலுக்குள் நன்மை நடந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சிறிய எடைக் குறைவும் சிறிய பயன் அல்ல. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் வைக்கப்பட்ட இலக்கு உடல் எடையில் 7 சதவீதம்தான். 70 கிலோ உள்ளவருக்கு அது ஐந்து கிலோவுக்கும் குறைவு. அந்த இலக்கோடு வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் மேற்கொண்ட குழுவினருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை ஆராய்ந்தபோது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவது தெரியவந்தது.

ஆகவே மாதம் ஒரு முறை இடுப்பளவையும் எடுங்கள். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை என்று கொள்ளப்படுகின்றன. எண் நின்றுபோன மாதத்தில் இடுப்பு ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், அதை முழு முன்னேற்றமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஏற்ற இறக்கத்தை அலட்சியப்படுத்தக் கூடாது?

இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு ஓரிரு நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ கூடினால், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்திருந்தால் காத்திருக்கவே கூடாது. முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைந்துகொண்டு போனாலும், விடாத சோர்வோடு கூடிக்கொண்டே போனாலும் பரிசோதனை தேவை. தைராய்டு கோளாறும் சில மருந்துகளும் எடையை மாற்றக்கூடும். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. கர்ப்பிணிகள் இந்தப் பக்கத்தைப் பின்பற்ற வேண்டாம். சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, நாள் முழுவதும் எடையைப் பற்றியே நினைப்பது, சாப்பிடவே அஞ்சுவது ஆகியவை இருந்தால் எடை குறைப்பை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இலக்கை அடைந்துவிட்டேன். ஆனால் 64 கிலோ என்பது இரண்டே நாளில் 65 ஆகிவிட்டதே?

64 என்று தனி ஒரு எண்ணை இலக்காக வைக்காமல், 63.5 முதல் 65 வரை என்று ஓர் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். வாரச் சராசரி அந்த எல்லைக்குள் இருக்கும் வரை எதையும் மாற்ற வேண்டியதில்லை. பொங்கலும் தீபாவளியும் வந்து போகும். தொடர்ந்து இரண்டு வாரம் சராசரி 65-ஐத் தாண்டினால் மட்டும், முன்பு விட்டிருந்த அந்த மாலை வடையை மறுபடியும் சில வாரங்கள் விட்டால் போதும்.